வெளிநாட்டில் விற்கும் கடன் பத்திரம்: எந்த நாணயத்தில் என்று முதலில் கேளுங்கள்

2022-இல் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது, நீலகிரியில் அதை யாரும் வெறும் வெளிநாட்டுச் செய்தியாகப் பார்க்கவில்லை. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்து குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் குடியேறிய தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அவர்களுக்கு இன்னும் சொந்தபந்தம் இருக்கிறது. கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, குழந்தைக்குப் பால்மா இல்லை என்று போனில் கேட்டுத் தவித்தவர்கள் நிறையப் பேர். 'வெளிநாட்டு பாண்ட்' என்ற பேச்சு எங்கள் டீக்கடை வரை வந்ததும் அப்போதுதான்.

தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, வெளிநாட்டுல பத்திரம் வித்துத்தானே இலங்கை மாட்டிக்கிச்சு? கேரளாவும் லண்டன்ல பத்திரம் வித்துச்சே. அப்ப அதுவும் அதே குழியில விழப்போவுதா?"

மிகச் சரியான இடத்தைத் தொடும் கேள்வி இது. மேடைப் பேச்சிலும் வாட்ஸ்அப்பிலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒரு பக்கம், 'நாட்டை வெளிநாட்டுக்காரனிடம் அடமானம் வைத்துவிட்டார்கள்' என்கிறார்கள். இன்னொரு பக்கம், 'உலகமே நம்மை நம்பிப் பணம் கொட்டுகிறது' என்கிறார்கள். இரண்டு பக்கமும் பத்திரத்தில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. படித்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு கடினமானதல்ல.

முதலில், பத்திரம் என்றால் என்ன?

வங்கியில் கடன் வாங்கினால் கொடுப்பவர் ஒருவர்தான். ஒரு அரசுக்கோ பெரிய கம்பெனிக்கோ ஆயிரக்கணக்கான கோடி தேவைப்படும்போது, அந்தக் கடனைச் சம அளவுத் துண்டுகளாக்கிப் பல பேருக்கு விற்றுவிடுவது வழக்கம். ஒவ்வொரு துண்டும் ஒரு கடன் பத்திரம். அதைத்தான் பாண்ட் என்கிறோம். அதில் எழுதியிருக்கும் தொகை முகமதிப்பு. வருடத்துக்கு ஒரு முறையோ ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ அதற்குத் தரும் வட்டி கூப்பன். அசலைத் திருப்பித் தரவேண்டிய நாள் முதிர்வு நாள்.

வங்கிக் கடனுக்கும் இதற்கும் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. பத்திரத்தை வாங்கியவர் அதை எப்போது வேண்டுமானாலும் இன்னொருவருக்கு விற்றுவிடலாம். ஆகவே, கடன் வாங்கியவருக்குத் தான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதே முழுசாகத் தெரியாது. எல்லாம் ஒழுங்காகப் போகும்வரை இதனால் தொல்லை இல்லை. வட்டி கட்ட முடியாமல் போகும் நாளில்தான் இதன் கனம் தெரியும். வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து 'இன்னும் ஆறு மாதம் தவணை கொடுங்கள்' என்று கேட்பது போல, உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பத்திரக்காரர்களிடம் கேட்க முடியாது.

மேட்டுப்பாளையம் மண்டியில் ஒரு கடன்

நாணயம் என்ற விஷயத்தைப் புரிந்துகொள்ள நம்மூர் பூண்டை எடுத்துக்கொள்வோம். மலைப்பூண்டு விலை எப்படி ஏறி இறங்கும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கோத்தகிரிப் பக்கத்து விவசாயி ஒருவர் மேட்டுப்பாளையம் மண்டிக்காரரிடம் ஒரு லட்ச ரூபாய் முன்பணம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்குப் பூண்டு கிலோ 100 ரூபாய். மண்டிக்காரர் சொல்கிறார்: "பணம் தர்றேன். ஆனா கணக்கை ரூபாயில எழுத மாட்டேன். ஆயிரம் கிலோ பூண்டுன்னு எழுதுவேன். திருப்பித் தர்ற அன்னிக்கு ஆயிரம் கிலோ பூண்டு என்ன விலையோ, அதைக் கொடுங்க. வட்டி கம்மியாப் போட்டுக்கறேன்."

வட்டி குறைவு என்பதால் விவசாயி சரி என்கிறார். அடுத்த வருடம் பூண்டு கிலோ 250 ரூபாய் ஆகிறது. இப்போது அவர் தரவேண்டியது இரண்டரை லட்சம். அவர் தோட்டத்தில் போட்டிருப்பதும் பூண்டுதான் என்றால் கவலையே இல்லை. ஆயிரம் கிலோவை எடை போட்டு இறக்கிவிட்டுப் போகலாம். அவர் போட்டிருப்பது கேரட் என்றால்? கேரட் விலை ஏறவில்லை, கடன் மட்டும் இரண்டரை மடங்காகிவிட்டது. கணக்கு ரூபாயிலேயே எழுதப்பட்டிருந்தால் இந்த ஆபத்து விவசாயிக்கு இல்லை. ஆனால் அப்படி எழுத மண்டிக்காரர் வட்டியைக் கூட்டிக் கேட்டிருப்பார்.

இதில் மண்டி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறதா, கோயம்புத்தூரில் இருக்கிறதா என்பது கடனின் பாரத்தை மாற்றவே இல்லை. மாற்றியவை இரண்டுதான்: கணக்கு எதில் எழுதப்பட்டது, வாங்கியவர் சம்பாதிப்பது எதில். பூண்டு இருக்கும் இடத்தில் டாலரை வையுங்கள், கேரட் இருக்கும் இடத்தில் ரூபாயை வையுங்கள். வெளிநாட்டுப் பத்திரத்தின் பாதி புரிந்துவிட்டது.

குன்னூரிலிருந்து தேயிலை ஏற்றுமதி செய்பவருக்கு வருமானம் டாலரில் வருகிறது. அவர் டாலரில் கடன் வாங்கினால் பூண்டு போட்டவர் நிலைமை. பச்சைத் தேயிலைக்கு ரூபாயில் பணம் வாங்கும் சிறு விவசாயியோ, ரூபாயில் வரி வசூலிக்கும் அரசோ டாலரில் கடன் வாங்கினால் கேரட் போட்டவர் நிலைமை.

யார், எங்கே, எதில்

ஆக, ஒரு பத்திரத்தைப் பற்றிச் செய்தி வந்தால் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கடன் வாங்குவது யார், விற்பது எந்த நாட்டுச் சந்தையில், எழுதியிருப்பது எந்த நாணயத்தில். இந்த மூன்றும் சேரும் விதத்தை வைத்துத்தான் பத்திரங்களுக்குப் பெயர் வைக்கிறார்கள்.

வெளிநாட்டார் ஒருவர் ஜப்பானுக்குள் போய், ஜப்பான் சட்டப்படி, ஜப்பான் மக்களின் சேமிப்பை யென்னிலேயே கடனாக வாங்கினால் அது சாமுராய் பாண்ட். அதையே அமெரிக்காவில் டாலரில் செய்தால் யாங்கி, சீனாவுக்குள் யுவானில் செய்தால் பாண்டா. இவை ஒரு வகை. சீனாவின் யுவானில் எழுதி, சீன நிலப்பரப்புக்கு வெளியே ஹாங்காங்கில் விற்றால் அது டிம் சம் பாண்ட். இந்திய ரூபாயில் எழுதி, இந்தியாவுக்கு வெளியே விற்றால் மசாலா பாண்ட். எந்த நாணயமோ அந்த நாட்டுக்கு வெளியே விற்கப்படும் இந்த இரண்டாவது வகை முழுவதற்கும் பொதுப்பெயர் யூரோபாண்ட். யூரோ நாணயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அந்த நாணயம் பிறப்பதற்கு முப்பத்தைந்து வருடம் முன்பே இந்தப் பெயர் வந்துவிட்டது.

1963: லண்டனில் டாலர் எப்படி வந்தது?

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பாவில் ஏராளமான டாலர் சேர்ந்திருந்தது. ஆனாலும் டாலரில் நீண்டகாலக் கடன் வேண்டும் என்றால் நியூயார்க் போகத்தான் வேண்டியிருந்தது. லண்டனில் இருந்த சீக்மண்ட் வார்பர்க் என்ற வங்கியாளர், ஐரோப்பாவில் கிடக்கும் டாலரை ஐரோப்பாவிலேயே கடனாகத் திரட்டினால் என்ன என்று யோசித்தார். 1963 ஜூலையில் இத்தாலியின் நெடுஞ்சாலைக் கம்பெனியான ஆட்டோஸ்ட்ராடே பெயரில், ஒன்றரைக் கோடி டாலருக்கு அப்படி ஒரு பத்திரம் வெளிவந்தது. முதல் யூரோபாண்ட் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதைத்தான். அதே ஜூலையில் அமெரிக்கா, தன் மக்கள் வெளிநாட்டுப் பத்திரம் வாங்கினால் வரி என்று அறிவித்தது. அமெரிக்க டாலர் வெளியே போகாமல் தடுக்கத்தான் அந்த வரி. ஆனால் டாலர் கடன் வேண்டியவர்கள் எல்லாரும் லண்டன் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அந்தக் காலத்துப் பத்திரம் கையில் பிடிக்கக்கூடிய தடித்த காகிதம். யாருடைய பெயரும் அதில் இருக்காது; வைத்திருப்பவர் எவரோ அவரே சொந்தக்காரர். அதில் சின்னச் சின்ன வட்டிச் சீட்டுகள் வரிசையாக அச்சடித்திருக்கும். தேதி வந்ததும் கத்தரியால் ஒன்றை வெட்டியெடுத்து வங்கியில் கொடுத்தால் வட்டி. இப்போது எல்லாம் கணினிப் பதிவு. பிரஸ்ஸல்ஸில் 1968-இல் தொடங்கிய யூரோகிளியர் போன்ற நிறுவனங்கள், எந்தப் பத்திரம் யார் கணக்கில் என்ற பேரேட்டை வைத்திருக்கின்றன.

விற்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்குபவர் சில பெரிய வங்கிகளை அமர்த்துவார். தர மதிப்பீட்டு நிறுவனங்கள், கடன் திரும்பி வருமா என்று பார்த்து ஒரு தரம் போடும். வங்கிகள் ஓய்வூதிய நிதி, காப்பீட்டு நிறுவனம், பரஸ்பர நிதி என்று பெரிய கைகளிடம் போய், என்ன வட்டிக்கு எவ்வளவு வாங்குவீர்கள் என்று கேட்டுப் பட்டியல் போடும். அந்தப் பட்டியல் நிறையும் இடத்தில் வட்டி முடிவாகும். அப்புறம் லண்டன், சிங்கப்பூர், லக்சம்பர்க் மாதிரி ஒரு பங்குச் சந்தையில் பதிவு செய்வார்கள். லண்டனில் பதிவு என்றால் லண்டன்காரர்கள்தான் வாங்கினார்கள் என்று பொருளில்லை. அது ஒரு விலாசம், அவ்வளவுதான்.

இதுவரை வந்த விஷயம்: யூரோபாண்ட் என்பது ஒரு நாணயத்தில் எழுதி, அந்த நாணயத்தின் சொந்த நாட்டுக்கு வெளியே விற்கும் கடன். விற்கும் ஊரை விட, எழுதிய நாணயம் முக்கியம்.

கேரளாவின் மசாலா பாண்ட்: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

2014-இல் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி., ஆயிரம் கோடி ரூபாய்க்கு லண்டனில் ரூபாய்ப் பத்திரம் வெளியிட்டது. மசாலா பாண்ட் என்ற பெயர் அதற்குத்தான் முதலில் ஒட்டியது. 2016-இல் ஹெச்.டி.எஃப்.சி., பிறகு என்.டி.பி.சி. எல்லாம் அதே வழியில் போயின.

நாடுகாணி வழியாக இறங்கினால் வரும் பக்கத்து மாநிலம் 2019-இல் இதில் இறங்கியது. கேரள அரசின் கிஃப்பி என்ற உள்கட்டமைப்பு நிதி வாரியம், 2,150 கோடி ரூபாய்க்கு ஐந்து வருட மசாலா பாண்ட் விற்றது. கூப்பன் 9.723 சதவீதம். 2019 மே 17 அன்று முதல்வர் பினராயி விஜயன் லண்டன் பங்குச் சந்தையில் மணியடித்து வர்த்தகத்தைத் தொடங்கிவைத்தார். அந்தப் படத்தைப் பார்த்த பலருக்கு 'கேரளா டாலர் கடன் வாங்கிவிட்டது' என்ற எண்ணம் தங்கிவிட்டது.

நடந்தது வேறு. பத்திரத்தை விற்ற 2019 மார்ச்சில் ஒரு டாலர் சுமார் 69 ரூபாய். 2,150 கோடி ரூபாய் என்றால் ஏறக்குறைய 31 கோடியே 16 லட்சம் டாலர். முதலீட்டாளர் கொடுத்தது அது. 2024 மார்ச்சில் பத்திரம் முதிர்ந்தபோது டாலர் சுமார் 83 ரூபாய். கிஃப்பி அசலாகத் தரவேண்டியது அதே 2,150 கோடி ரூபாய், ஒரு பைசா கூடுதல் இல்லை. அது டாலராக மாறி முதலீட்டாளர் கைக்குப் போகும்போது 25 கோடியே 90 லட்சமாகச் சுருங்கிவிட்டது. ரூபாய் இறங்கியதன் நஷ்டம் முழுக்க வெளிநாட்டு முதலீட்டாளர் தலையில். ரூபாயின் விலை ஏறி இறங்குவதால் வரும் இந்த ஆபத்துக்குப் பெயர் நாணய ஆபத்து.

இதையே டாலரில் வாங்கியிருந்தால்? 31 கோடியே 16 லட்சம் டாலரைத் திருப்பித் தர, 83 ரூபாய் விலையில் 2,586 கோடி ரூபாய் வேண்டும். கூடுதலாக 436 கோடி.

அப்படியென்றால் மசாலா பாண்ட் லாபம் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். 9.723 சதவீதம் என்றால் வருடத்துக்கு 209 கோடி வட்டி. டாலரில் வாங்கியிருந்தால் வட்டி குறைவாக இருந்திருக்கும். ஒரு பேச்சுக்கு 5 சதவீதம் என்று வைத்து, டாலரைச் சராசரியாக 75 ரூபாய் என்று போட்டால் வருடத்துக்குச் சுமார் 117 கோடி. வருடம் 92 கோடி மிச்சம், ஐந்து வருடத்தில் 460 கோடி. அசலில் போகும் 436 கோடியும் வட்டியில் மிஞ்சும் 460 கோடியும் கிட்டத்தட்டச் சமம்!

இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். ரூபாய்க் கடனில் வட்டி அதிகம் என்பது ஏமாற்று இல்லை. டாலர் கடனில் வட்டி குறைவு என்பது சலுகையும் இல்லை. ரூபாய் எவ்வளவு இறங்கும் என்ற எதிர்பார்ப்பு அந்த வட்டி வித்தியாசத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வட்டியை மட்டும் வைத்து 'இது மலிவு, அது கொள்ளை' என்று பேசுபவர்கள் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் படிக்கிறார்கள். மாநில அமைப்பு ஒன்று இப்படி வெளியே கடன் வாங்கலாமா என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. எழுப்பியது சட்டக் கேள்வி. அதையும் இதையும் சேர்க்கக் கூடாது.

இலங்கையில் என்ன ஆனது?

மேலே போட்ட கணக்கில் ரூபாய் மெதுவாக, எதிர்பார்த்த மாதிரியே இறங்கியது. அதனால்தான் இரண்டு வழியும் சமமாக வந்தன. நாணயம் திடீரென்று சரிந்தால் கணக்கே தலைகீழ்.

இலங்கை 2007-இல் 50 கோடி டாலருக்கு முதல் சர்வதேச அரசுப் பத்திரம் விற்றது. பிறகு வருடக்கணக்கில் விற்றுக்கொண்டே போனதில், நெருக்கடி வந்தபோது இந்தப் பத்திரக் கடன் மட்டும் சுமார் 1,250 கோடி டாலர். எல்லாம் டாலரில். அரசின் வரி வருமானமோ இலங்கை ரூபாயில்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதம் சுமார் 360. நூறு கோடி டாலர் பத்திரம் ஒன்றுக்கு 20,000 கோடி ரூபாய் தேடிக்கொண்டிருந்த அரசு, சில வாரங்களிலேயே 36,000 கோடி தேட வேண்டிய நிலை. அதற்காக யாரும் புதிதாக ஒரு ரூபாய் கடன் கொடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. சொந்த நாணயத்தில் கடன் இருந்தால், விலைவாசி ஏறினாலும் பரவாயில்லை என்று அரசு நோட்டு அச்சடித்தாவது கட்டிவிடலாம். டாலரை அச்சடிக்க முடியாது. ஏற்றுமதி, சுற்றுலா, வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணம் என்று சம்பாதித்துத்தான் ஆக வேண்டும். இலங்கையின் மொத்தத் தேயிலை ஏற்றுமதியும் 2021-இல் ஈட்டியது சுமார் 130 கோடி டாலர். 2022 ஜூலையில் முதிரவிருந்த ஒரே ஒரு பத்திரம் 100 கோடி டாலர். அந்தத் தீவின் மலையெல்லாம் ஒரு வருடம் முழுக்கக் கொழுந்து கிள்ளி ஏற்றுமதி செய்த பணத்தில் முக்கால் பங்குக்கும் மேல், ஒரு நாளில் ஒரு பத்திரத்துக்கே போக வேண்டும். கொழுந்து கிள்ளும் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு நெஞ்சை அடைக்கும்.

2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசு அறிவித்தது. ஏப்ரல் 18-இல் தரவேண்டிய 7 கோடியே 80 லட்சம் டாலர் வட்டி தரப்படவில்லை. 30 நாள் அவகாசமும் முடிந்து, மே மாதம் அந்நாட்டு வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கடன் தவறிய நாடானது. டாலர் இல்லாமல் போனதால்தான் கேஸும் மருந்தும் இறக்குமதி ஆகவில்லை.

இங்கே நான்காவதாக ஒரு கேள்வியும் வருகிறது: எந்த நாட்டுச் சட்டம்? இலங்கையின் அந்தப் பத்திரங்கள் நியூயார்க் சட்டப்படி எழுதப்பட்டவை. ஜூலைப் பத்திரத்தில் 25 கோடி டாலருக்கு மேல் வைத்திருந்த ஹாமில்டன் ரிசர்வ் வங்கி, அந்த ஜூன் மாதமே நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. கொழும்பில் சட்டத்தை மாற்றி அதிலிருந்து தப்ப முடியாது. மற்ற பத்திரக்காரர்களில் பெரும்பாலோரோடு பேசி, பழைய பத்திரத்துக்குப் பதில் புதுப் பத்திரம் என்று முடிக்க 2024 டிசம்பர் ஆகிவிட்டது.

பெரியவருக்கு நான் சொன்னதும் இதுதான்: கேரளா விற்றது ரூபாய்ப் பத்திரம், இலங்கை விற்றது டாலர் பத்திரம். இரண்டும் கடன்தான், இரண்டையும் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் நாணயம் சரிந்தால் முன்னதில் அடி கடன் கொடுத்தவருக்கு, பின்னதில் அடி கடன் வாங்கியவருக்கு.

'இருபது சதவீத ஈல்டு' என்று செய்தி வந்தால்

பத்திரம் கை மாறும்போது விலை மாறும். 100 டாலர் முகமதிப்பு, 7 டாலர் கூப்பன் உள்ள பத்திரம் ஒன்று, பயத்தில் 35 டாலருக்கு விலை போகிறது என்போம். இன்று 35 கொடுத்து வாங்குபவருக்கும் வருடத்துக்கு 7 டாலர் வரும். அவர் போட்ட பணத்துக்கு அது 20 சதவீதம். அன்றைய சந்தை விலைக்குக் கிடைக்கும் இந்த வருமானத்தைத்தான் ஈல்டு என்கிறார்கள். விலை இறங்க இறங்க ஈல்டு ஏறும். கடன் வாங்கிய நாடு 20 சதவீதம் வட்டி கட்டுகிறது என்று இதைப் படிக்கக் கூடாது; அது கட்டுவது பழைய 7 டாலர்தான். ஆனால் புதிதாகக் கடன் கேட்டுப் போனால் சந்தை அந்த 20-ஐத்தான் கேட்கும். அதாவது, கதவு சாத்தியாகிவிட்டது.

இந்திய அரசு?

மத்திய அரசு இதுவரை தன் பெயரில் டாலர் பத்திரம் வெளிநாட்டில் விற்றதில்லை. 2019 ஜூலை பட்ஜெட்டில் அந்த யோசனை வந்தது. பெரிய விவாதம் கிளம்பி, அப்படியே கிடப்பில் போய்விட்டது. வெளிநாட்டார் இங்கே வந்து, இந்தியச் சந்தையில், இந்தியச் சட்டப்படி ரூபாய்ப் பத்திரம் வாங்குகிறார்கள். 2024 ஜூன் முதல் அமெரிக்க வங்கியான ஜே.பி.மார்கனின் வளரும் நாடுகளுக்கான பத்திரக் குறியீட்டில் (பெரிய நிதிகள் பார்த்து வாங்கும் பட்டியல் அது) நம் அரசுப் பத்திரங்கள் சேர்க்கப்பட்டதால் அது இன்னும் கூடியது. அவர்கள் கூட்டமாக விற்றுவிட்டு வெளியேறினால் ரூபாய்க்கு அடி விழும் என்பது உண்மை. கடன் தொகை ரூபாயில் அப்படியே நிற்கும் என்பதும் உண்மை.

நாம் வாங்கலாமா?

ஓய்வுப் பணம் கையில் வந்தவர்கள் இதைக் கேட்கிறார்கள், ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். மசாலா பாண்ட் வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. டாலரில் விற்கும் அரசுப் பத்திரங்களில் ஒரு துண்டின் குறைந்தபட்ச அளவே பெரும்பாலும் 2 லட்சம் டாலர். ஆகவே ஊட்டியிலோ கோத்தகிரியிலோ வீடு தேடி வந்து, 'வெளிநாட்டு பாண்ட், ஐம்பதாயிரம் போட்டால் மாதா மாதம் வட்டி' என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். பத்திரம்தான் வாங்க வேண்டும் என்றால் ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் இணையதளத்தில் நேரடியாகக் கணக்குத் தொடங்கி, 10,000 ரூபாயிலிருந்து அரசுப் பத்திரம் வாங்கலாம். கணக்குத் தொடங்கக் கட்டணம் கிடையாது. பான், ஆதார், வங்கிக் கணக்கு, மொபைல் எண், மின்னஞ்சல் இருந்தால் போதும்.